மழைக்குப் பின் தழைத்த சோளம்

புரட்டாசியில் விதைத்த சோளம் ஐப்பசி முழுக்க மழையைப் பார்க்கவில்லை. பசுவந்தனைக்குத் தெற்கே ஓடைப்பட்டிக் காட்டில் எல்லாப் புஞ்சைகளுக்கும் அதே கதிதான். மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றது. உளுந்து பூவோடு கருகியது. மேல்நிலைப் பள்ளிக்குப் பின்னால், ஓடைக்கரையை ஒட்டி, பிள்ளைகள் விதைத்திருந்த துண்டு நிலத்திலும் சோளம் முழங்கால் உயரத்தோடு நின்றுபோய், இலைகள் சுருண்டு, வெடித்த கரிசலுக்கு நடுவே வெளிறிக் கிடந்தது. கார்த்திகை பிறந்ததும் ஒரே ஒரு மழை. ஒரு சாயங்காலம் அடித்து ஓய்ந்த மழைதான். அதற்கே வாடிய தூர்களிலிருந்து புதுக்குருத்துகள் கிளம்பிவிட்டன. சுற்றிலும் காய்ந்த காட்டுக்குள் அந்தத் துண்டு நிலம் மட்டும் கிளிப்பச்சையாக, தூரத்திலிருந்தே கூப்பிடுகிற மாதிரி நின்றது.

அந்தப் பச்சையை நம்பக்கூடாது என்று சந்தனமாரிக்குத் தெரியும். அவள் பன்னிரண்டாம் வகுப்பில் வேளாண் அறிவியல் பிரிவு. பள்ளியின் வேளாண் மன்றத்துக்கு அவள்தான் தலைவி. பையன்கள் இரண்டு பேரைத் தோற்கடித்து, பிள்ளைகள் ஓட்டுச்சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவி. ஊரெல்லாம் மக்காச்சோளம் போடுகிறபோது, மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீவனத் தட்டை இல்லாமல் போகிறதே, பள்ளிக்கூடத்து நிலத்தில் சோளம்தான் போட வேண்டும் என்று மன்றத்தில் எழுந்து பேசி ஜெயித்தவளும் அவள்தான்.

வியாழக்கிழமை வகுப்பில் வேளாண் ஆசிரியர் தேவஆசீர்வாதம் ஒரு குருத்தைக் கிள்ளிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"வாடுன சோளத்துல விஷம் ஏறும்னு இந்தக் காட்டுல எல்லாருக்கும் தெரியும். மழை பெஞ்சிட்டா எறங்கிரும்னும் நெனைக்காவ. அங்கனதான் தப்பு. வாடித் திரும்பத் தழையுது பாருங்க, இந்தக் குருத்துல கூடுதலா இருக்கும். திங்கக்கெழம டிராக்டர் வருது, மடக்கி உழுதுருவோம். அதுவரைக்கும் ஒரு ஆடு உள்ள வரப்படாது. எல்லாரும் வீட்டுல போய்ச் சொல்லுங்க. சந்தனமாரி, இது ஓம் பொறுப்பு."

அவள் பொறுப்பைக் குறைவில்லாமல் செய்தாள். வேலி விட்டுப்போன இடத்தில் பையன்களை விட்டு முள்படல் கட்டவைத்தாள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டாள், வீட்டில் சொன்னாயா என்று. தன் வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

வீட்டில் அதைச் சொல்ல வழியில்லை. அப்பா கொம்பையா ஆட்டுக்காரர். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய மகள் நர்ஸ் படிப்புக்குப் போவாள் என்று சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவள் வேளாண் பிரிவில் சேர்ந்தது தெரிந்த அன்றைக்கு, "ஆட்டுப்புழுக்கையில கெடந்து நான் நாறுறது பத்தாதா? மண்ணக் கிண்டுறதுக்கு எதுக்குட்டி பள்ளிக்கூடம்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பேச்சு வீட்டில் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவளும் எடுப்பதை விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் சிறப்பு வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். சந்தனமாரியும் அவள் தோழி வினோலியாவும் மட்டும் முருங்கை நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வாளியைக் கீழே வைத்து நிமிர்ந்த வினோலியா ஓடைப் பக்கம் பார்த்தாள்.

"ஏட்டி, அங்கன பாரு. சோளத்துக்குள்ள ஆடு நிக்கி."

சந்தனமாரி திரும்பினாள். வெள்ளை உடம்பில் கறுப்பு தெளித்த உயரமான கொடியாடுகள். யார் வீட்டு ஆடு என்று கேட்க வேண்டியதே இல்லை. முன்னால் நின்று குருத்தைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது அவர்கள் கரும்போரை என்று கூப்பிடும் தாயாடு.

செருப்பில்லாமல் ஓடினாள். மேல்மண் ஈரமாக இருந்ததால் கரிசல் அப்பி அப்பிக் காலைப் பிடித்து இழுத்தது.

"அப்பா! பத்துங்க! ஆட்ட வெளிய பத்துங்க!"

முள்படல் ஓரமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. கொம்பையா தொரட்டியை ஊன்றிக்கொண்டு உடைமர நிழலில் நின்றார். பல நாளுக்குப் பிறகு வயிறு நிறைய மேய்கிற ஆட்டைப் பார்க்கிற திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

"என்னட்டி, தீப்பிடிச்ச மாதிரி கத்துத? திங்கக்கெழம உழத்தான போறீங்க? பையனுவ பேசிக்கிட்டுப் போனானுவ. மண்ணுக்குப் போறது ஆட்டு வயித்துக்குப் போவட்டுமே."

"அது விஷம்ப்பா!"

"வாட்டத்துல நிக்கும்போதுதாம்ட்டி விஷம். மழ பெஞ்சு தெளிஞ்ச பயிரு இது. எனக்கா சொல்லித் தாரே?"

"குருத்துலதான்ப்பா கூடுதல். சார் சொன்னாவ."

"ஒங்க சாரு ஆடு மேச்சிருக்காராக்கும்?"

பேசிப் பயனில்லை என்று அவளே மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்து ஆடுகளைக் கலைத்தாள். வினோலியாவும் வந்து சேர்ந்தாள். பின்னால் ஆவுடைத்தாய் தன் ஆடுகளோடு அப்போதுதான் படலுக்குள் நுழைந்திருந்தாள். புருஷன் இல்லாதவள். சொந்தமாகக் கொஞ்சம் ஆடு வைத்து, கொம்பையாவின் மந்தையோடு சேர்த்துத்தான் மேய்ப்பாள். காலில் முள் தைத்து வழியில் உட்கார்ந்துவிட்டதால் அன்றைக்குப் பிந்திப்போனாள். அவள் ஆடுகள் இரண்டு வாய் கடித்திருக்கும், அவ்வளவுதான்.

"என்ன தாயி? என்ன விசயம்?"

"அத்தை, பத்துங்க! பொறவு சொல்லுதேன்."

மகள் போட்ட கூச்சலில் கொம்பையாவுக்கு எரிச்சல் வந்ததே தவிரப் பயம் வரவில்லை. ஆடுகளை வெளியே எடுத்துக்கொண்டு, "ஊருணிக்குப் போவோம், தண்ணி காட்டணும்" என்று திருப்பினார். சந்தனமாரி ஊருணிப் பாதையில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி காட்டப்படாதுப்பா. தண்ணி எறங்கினா விஷம் சீக்கிரமா ஏறும்."

"வழிய விடு."

"மாட்டேன்."

கொம்பையா தொரட்டியை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த கரும்போரை நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. கடைவாயில் நுரை கட்டியது. பின்கால் இரண்டும் நடுங்கின. பழக்கமில்லாத தரையில் நடப்பதுபோல இரண்டு எட்டு வைத்துப் பாதையோரத்தில் விழுந்தது.

கொம்பையா அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு செக்கச் செவேலென்று இருந்தது. சோளத்து விஷம் ஏறிய ஆட்டுக்குத்தான் அப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"ஏ முருகா" என்றார். அதற்குள் அடுத்தது நடுங்கத் தொடங்கியது.

சந்தனமாரி அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, மனப்பாடமாக இருந்த எண்ணை அழுத்தினாள். தேவஆசீர்வாதம் கோவில்பட்டியில் ஆசிரியர் கூட்டத்தில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "போனக் கையிலயே வச்சிரு. டாக்டர ஒனக்குப் பேசச் சொல்லுதேன். நானும் பொறப்பட்டுட்டேன்" என்றார். கால்நடை டாக்டர் கழுகுமலைப் பக்கம் தடுப்பூசி முகாமில் இருந்தார். அவர் பேசும்போது பின்னால் மாடுகள் கத்துவது கேட்டது.

"நான் வந்து சேருறதுக்குள்ள முடிஞ்சிரும்மா. ஒங்க பள்ளிக்கூடத்து வேதியியல் லேப்ல ஹைப்போ இருக்கும். சோடியம் தயோசல்பேட். கல்லு கல்லா வெள்ளையா இருக்கும். ஒரு கரண்டிய ஒரு டம்ளர் தண்ணியில கரைச்சு ஒரு ஆட்டுக்கு ஊத்து. கவனமாக் கேளு. நிக்கிற ஆட்டுக்கு மட்டும் ஊத்து. சாய்ஞ்சத நம்மால முழுங்க வைக்க முடியாது. ஊத்தினா நுரையீரலுக்குப் போயிரும். மருந்தும் போச்சு, ஆடும் போச்சு. புரியுதா?"

"புரியுது சார்."

லேப் பூட்டியிருந்தது. சாவி தலைமையாசிரியர் வீட்டில், அவர் வீடு பத்து மைலுக்கு அப்பால். சந்தனமாரி நாற்றங்கால் கொட்டகையிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தாள்.

"ஏட்டி, வேண்டாம்ட்டி" என்றாள் வினோலியா. "டி.சி. குடுத்துருவாவ."

"குடுக்கட்டும். நீ தள்ளி நில்லு. நீ ஒடைக்கலன்னு நானே சொல்லிக்கிடுதேன்."

நாதாங்கியோடு பூட்டு பிய்ந்து விழுந்தது. அலமாரியின் கண்ணாடிக்குப் பின்னால் குப்பிகள் வரிசையாக இருந்தன. அவசரத்தில் இரண்டு பெயரைத் தப்பாக வாசித்து, மூன்றாவதாகத்தான் கண்டுபிடித்தாள். உடைத்த கற்கண்டு மாதிரி வெள்ளைக் கற்கள். குப்பியில் பாதிகூட இல்லை. தள்ளி நில் என்று சொன்னதை வினோலியா கேட்கவில்லை. தண்ணீர் பாட்டில்களையும் சத்துணவுக் கூடத்துக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு கூடவே ஓடிவந்தாள்.

திரும்பி வந்தபோது கொம்பையாவின் ஆடுகள் இரண்டைத் தவிர எல்லாம் சாய்ந்து கிடந்தன. கால்கள் காற்றில் உதைத்தன. வாயைத் திறந்து மூச்சுக்கு ஏங்குகிற சத்தம் கூட்டாகக் கேட்டது. கரும்போரை அடங்கி, வயிறு மட்டும் ஏறி இறங்கியது. ஆவுடைத்தாயின் ஆடுகள் அந்தப் பக்கம் ஒண்டிக்கொண்டு, நடுங்கினாலும் நின்றன.

சந்தனமாரி நின்றுகொண்டிருந்த தன் வீட்டு ஆட்டுக்கு முதலில் ஊற்றினாள். பிறகு இன்னொன்று. வீட்டு ஆட்டில் நிற்பது அவ்வளவுதான். பாட்டிலில் அடுத்ததைக் கரைத்துக் குலுக்கிக்கொண்டு, விழுந்து கிடந்தவற்றைத் தாண்டி ஆவுடைத்தாயின் ஆடுகளை நோக்கி நடந்தாள்.

"எங்கட்டி போற?" கொம்பையாவின் குரல் உடைந்திருந்தது. "கரும்போரைக்கு ஊத்து. உசுரு இருக்கு பாரு. மூச்சு இருக்கு."

"சாய்ஞ்சதுக்கு ஊத்தப்படாதுப்பா. டாக்டரு சொன்னாரு."

"ரெண்டு குட்டி வீட்டுல கெடக்குட்டி, பொறந்து வாரம் ஆவல. நீ பால் பாட்டில வச்சு வளத்த ஆடுட்டி இது. ஒரு மடக்கு ஊத்து தாயி."

மகளை அவர் தாயி என்று கூப்பிட்டு வருஷமாகியிருந்தது. சந்தனமாரிக்குக் கண் மறைத்தது. ஆனாலும் கால் நிற்கவில்லை.

கொம்பையா பாய்ந்து வந்து அவள் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினார். கரும்போரையின் தலையை மடியில் தூக்கி வைத்து, பல்லைப் பிளந்து மருந்தைக் கவிழ்த்தார். ஆடு ஒரு தரம் இருமியது. மூக்கு வழியாகத் தண்ணீரும் நுரையும் வந்தன. உடம்பு வில்லாக வளைந்து நிமிர்ந்து, பிறகு துவண்டது. கண் திறந்தபடியே இருந்தது.

ஆவுடைத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் ஆடுகளுக்கு வர வேண்டிய மருந்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவும் முடியாமல், விலகிப் போகவும் முடியாமல் நின்றாள்.

கொம்பையா காலிப் பாட்டிலை மகளிடம் நீட்டினார். எழுந்து போய் ஆவுடைத்தாயின் ஆடு ஒன்றின் கழுத்தைத் தொடைக்கிடையில் இறுக்கி, விரலைக் கடைவாயில் விட்டு வாயைத் திறந்து பிடித்தார்.

"ஊத்து" என்றார்.

வினோலியா கரைத்துக் கொடுக்கக் கொடுக்க, அவர் பிடிக்க, சந்தனமாரி ஊற்றிக்கொண்டே போனாள். கடைசி ஆட்டுக்கு வந்தபோது குப்பியின் அடியில் தூள்தான் இருந்தது. அதையும் கழுவி ஊற்றினாள்.

செய்தி ஊருக்குள் போய், உச்சிவெயிலுக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. சந்தனமாரியின் அம்மா இசக்கியம்மாள் தீப்பெட்டி ஆபீசிலிருந்து கையில் மருந்துக் கறையோடு ஓடிவந்தாள். செத்துக் கிடந்த ஆடுகளைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

"பாவி மட்ட, ஒனக்குத் தெரியுமாமே! ஊருப்பிள்ளைக்கெல்லாம் சொன்னியாமே! சோத்துல கை வச்சிக்கிட்டு எதுக்க இருக்கிற மனுசங்கிட்ட சொல்ல ஒனக்கு வாய் வரலியா?"

காலையிலிருந்து சந்தனமாரியே தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

டாக்டர் வந்து, நிற்கிற ஆடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது தேவஆசீர்வாதமும் பைக்கில் வந்து சேர்ந்தார். வார்டு உறுப்பினர் ராமசுப்பு அவரை வண்டியிலிருந்து இறங்கவிடவில்லை.

"வாங்க சார். பிள்ளையளுக்கு வெவசாயம் சொல்லிக் குடுக்கீங்களாக்கும்? என்ன மருந்த அடிச்சீங்க பயிருல?"

"மருந்தெல்லாம் அடிக்கல அண்ணாச்சி. அது பயிருக்குள்ளயே ஊறுற..."

"கத விடாதீங்க. பச்சப் பயிரு எங்கயாவது ஆட்டக் கொல்லுமா? கொம்பையா, நீ ஸ்டேஷன்ல எழுதிக் குடு. பள்ளிக்கூடம் பதில் சொல்லட்டும். இந்த மன்றம், தலைவரு, எலெக்சன் எல்லாத்தையும் மொதல்ல இழுத்து மூடச் சொல்லு."

கூட்டத்தில் சிலர் ஆமாம் என்றார்கள். பின்னாலிருந்து யாரோ, லேப் பூட்டையும் உடைத்திருக்கிறார்கள் என்று சத்தம் போட்டார்கள்.

"பூட்ட ஒடச்சது நான்" என்றாள் சந்தனமாரி.

எல்லோரும் திரும்பினார்கள். தேவஆசீர்வாதம் அவளைப் பேச வேண்டாம் என்று கையமர்த்தினார். அவள் நிறுத்தவில்லை.

"சார் மேல தப்பில்ல. வியாழக்கெழமயே சொல்லிட்டாவ. வீட்டுல போய்ச் சொல்லச் சொன்னாவ. நாந்தான் எங்க வீட்டுல சொல்லல. கேஸ் குடுக்கணும்னா எம்மேல குடுங்க."

ராமசுப்பு வாயைத் திறப்பதற்குள் கொம்பையா எழுந்தார். அதுவரை கரும்போரை பக்கத்தில் குத்தவைத்திருந்தவர்.

"படலத் தொறந்தது நான் அண்ணாச்சி. அடுத்தவன் புஞ்சையில கேக்காம கொள்ளாம ஆட்ட விட்டது நான். எம்மவ ஓடியாந்து கத்துனா. எனக்குத் தெரியும்னு நின்னேன். மருந்து கொண்டாந்தா. அதையும் பிடுங்கிக் கொட்டுனேன்." அவர் ஆவுடைத்தாயின் ஆடுகளைக் கை காட்டினார். "அங்கன நிக்கிது பாத்தீங்களா? அது அவ நிப்பாட்டுனது. யார் மேலயும் எழுதிக் குடுக்கதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. எல்லாரும் போங்க. குழி வெட்டணும்."

மன்றத்துப் பையன்கள் மண்வெட்டியோடு வந்திருந்தார்கள். நாயும் நரியும் தோண்டாத ஆழத்துக்கு வெட்டச் சொல்லிவிட்டு டாக்டர் போனார். மேலே பிசுபிசுத்த மண், கீழே போகப் போகக் கல்லாக இறுகியிருந்தது. தேவஆசீர்வாதம் சட்டையைக் கழற்றிப் பைக்கின் மேல் போட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கினார். கொம்பையா ஒவ்வொரு ஆடாகத் தூக்கிவந்து கிடத்தினார். யாரையும் தொடவிடவில்லை. காலையில் அவர் கொண்டுவந்த தூக்குச்சட்டியில் சோறும் துவையலும் திறக்காமலே புளித்தன.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. குட்டிக்கூண்டுக்குள் கரும்போரையின் குட்டிகள் இரண்டும் காலையிலிருந்து பால் இல்லாமல் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தன. இசக்கியம்மாள் பசும்பாலைத் துணியில் நனைத்துக் கொடுத்துப் பார்த்தாள். வாயைத் திருப்பிக்கொண்டன. கொம்பையா சுவரில் சாய்ந்து, காதில் விழாதவர்போல உட்கார்ந்திருந்தார்.

வாசலில் ஆடு கனைக்கிற சத்தம் கேட்டது. ஆவுடைத்தாய் வெள்ளையில் சிவப்பு தெளித்த செம்போரை ஆடு ஒன்றைக் கயிற்றில் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, இதுக்குப் பால் மடி தாங்காது. குட்டி ஒண்ணுதான்."

கொம்பையா தலை நிமிர்ந்தார். "விஷம் தின்ன ஆடு. பாலு குட்டிக்கு ஆவுமா?"

கேள்வி ஆவுடைத்தாயிடம் இல்லை. மகளைப் பார்த்துக் கேட்டார்.

"காலைல உள்ள பாலப் பீச்சிக் கொட்டிட்டு, சாயங்காலத்துக்கு மேல விடலாம்னு டாக்டரு சொன்னாரு" என்றாள் சந்தனமாரி.

"நான் அப்பவே பீச்சிக் கொட்டிட்டேன்" என்றாள் ஆவுடைத்தாய்.

ஆடு இலேசில் இடம் கொடுக்கவில்லை. வேற்றுக் குட்டியின் வாடை பட்டதும் துள்ளி உதைத்தது. ஒரு குட்டி உருண்டு போய் விழுந்தது. கொம்பையா எழுந்து வந்து ஆட்டின் பின்காலை மடக்கிப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். சந்தனமாரி குட்டியைத் தூக்கி, காம்பில் ஒரு பீச்சு பீச்சி உதட்டில் தடவினாள். குட்டி தடுமாறித் தேடி, நழுவவிட்டு, மறுபடி தேடியது.

"நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்றார் கொம்பையா. கோபமில்லை. குனிந்த தலையோடு ஆட்டின் காலைப் பார்த்துச் சொன்னார்.

"சொன்னா நீங்க மூஞ்சத் திருப்பிக்கிடுவீங்க."

கொம்பையா ஆட்டின் காலை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"திருப்புனாலும் சொல்லு" என்றார் அவர். "முதுகப் பாத்தாவது சொல்லு."

குட்டிக்குக் காம்பு அகப்பட்டுவிட்டது. முட்டி முட்டி இழுத்தது. ஆடு ஒருதரம் உடம்பைச் சிலிர்த்தது. கொம்பையா பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் பார்த்தார். அது உதைக்கவில்லை.

"அடுத்தத எடு" என்றார்.